கேரவனில் படுக்கும் முன் ஜெனரேட்டரை நிறுத்துங்கள்

கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகர்களின் வண்டி என்று இருந்த காலம் போய்விட்டது. டிராவலர் வேனிலும் மினி பஸ்ஸிலும் கட்டில், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய வண்டிகள் இன்று வாடகைக்குக் கிடைக்கின்றன. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு மூணாறு, வாகமண், ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புகிறார்கள். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது மூன்றே கேள்விதான். டிவி எத்தனை இஞ்ச்? சோபா கட்டிலாக விரியுமா? ஏசி ராத்திரி முழுக்க ஓடுமா?

உயிரை வாங்குவது அந்த மூன்றாவது ஆசைதான்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் படிக்கட்டருகே, இன்னொருவர் படுக்கையில். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் ஏறியிருக்கிறது, அதிலிருந்த கார்பன் மோனாக்சைடுதான் கொன்றது என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாரம் எல்லோரும் பதறினார்கள். இப்போது மறந்தாயிற்று. "குளிர் வருது, தரையில இருக்கிற வென்ட்டை அடைச்சுக் குடுங்க" என்று, காற்றோட்டத்துக்கு வைத்த துவாரத்தை மூடச் சொல்லும் பேச்சு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், கேரவன் தொழிலில் இருக்கும் நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு வாதம்: "புகை உள்ளே வந்தா நாத்தம் தெரியாதா? தொண்டை கமறாதா? முழிச்சுக்க மாட்டோமா?"

மாட்டீர்கள். விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், மூக்கில் ஏறும். டீசல் புகைக்கும் நாற்றம் உண்டு. ஆனால் அந்தப் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, எரிச்சல் கிடையாது. இருமல்கூட வராது. வண்டித் தரையின் ஒரு சிறு துளை வழியாக, மெத்தைக்கும் பலகைக்கும் இடையில் புகுந்து வரும்போது நாற்றமடிக்கும் பகுதி அங்கங்கே படிந்து குறைந்துவிடலாம். வாயு அப்படியே வந்து சேரும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது வரும். தூங்குபவருக்கு அந்தத் தலைவலியே தெரியாது, தூக்கம் மயக்கமாகிவிடும். 10 லட்சம் பங்கு காற்றில் 800 பங்கு இருந்தாலே முக்கால் மணி நேரத்தில் தலை சுற்றும், குமட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் நினைவு தப்பும். 1600 பங்கு என்றால் 20 நிமிடத்தில் தலைவலி, ஒரு மணி நேரத்தில் உயிரே போகலாம். சதவீதக் கணக்கில் அது வெறும் 0.16. ஒரு கேரவனின் உள்ளறை எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழித்துக்கொண்டாலும் தப்பிவிடலாம் என்று நம்பாதீர்கள். உடம்பு தளர்ந்து, கால் நிற்காது. கதவு நாலடி தூரத்தில் இருந்தும் தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் போகும்.

"ஏசி ஓடுதே, காத்து வந்துக்கிட்டுத்தானே இருக்கும்" என்பது அடுத்தது. ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. அந்தக் காற்றில் நஞ்சு இருந்தால் நஞ்சும் சேர்ந்து சுற்றும். "சைலன்ட் ஜெனரேட்டர் வெச்சிருக்கோம்" என்பார்கள். சைலன்ட் என்பது சத்தத்துக்கு மட்டும்தான் பொருந்தும். "டீசல்தானே, பெட்ரோல் இல்லையே" என்றும் சொல்வதுண்டு. டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் ஜெனரேட்டரைவிடக் குறைவு என்பது உண்மை. ஏர் ஃபில்டர் அடைத்து, இன்ஜெக்டர் தேய்ந்து, கரும்புகை கக்கும் டீசல் இன்ஜினுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏன் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் தேவைப்படுகிறது? கணக்கு எளிது. ஒரு டன் ஏசி சராசரியாக 700 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 5.6 யூனிட். 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரியில் இருப்பது ஏட்டளவில் 2.4 யூனிட். அதைப் பாதிக்கு மேல் வடித்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். ஆக ஏசி இரண்டு மணி நேரம்கூட ஓடாது. அதே அளவு லித்தியம் பேட்டரி போட்டால் மூன்று மணி நேரம் வரும். "பேட்டரியிலேயே விடியவிடிய ஓடும்" என்று யாராவது விற்றால், எத்தனை யூனிட் பேட்டரி என்று திருப்பிக் கேளுங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறிக்கு 30 வாட் போதும். எட்டு மணி நேரத்துக்குக் கால் யூனிட். மலைப்பகுதியில் ஜன்னல் வலையும் ஒரு விசிறியும் தாராளம். சமவெளியில் ஏசி இல்லாமல் முடியாது என்றால், வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பார்க் திறந்ததே இதற்காகத்தான். வண்டி நிற்குமிடத்தில் மின்சாரமும் தண்ணீரும் கிடைக்க வேண்டும். பல ஓட்டல்களிலும் பேசிக் கேட்டால் 16 ஆம்ப் பிளக் ஒன்று தருவார்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியுள்ள மூன்று கோர் கேபிள் பயன்படுத்துங்கள். சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே ஏசியை ஓட்டினால் நடுச்சுற்றுகள் சூடேறி உருகும். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி வண்டிக்குள் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

ஜெனரேட்டர் பகலில் ஓடலாம், சமைக்கும்போது ஓடலாம், எல்லோரும் விழித்திருக்கும்போது ஓடலாம். ஒருவர் தூங்கினாலும் நிற்க வேண்டும். நின்ற வண்டியின் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதும் இதே கதைதான். தனியாகத் தூக்கி வைக்கும் ஜெனரேட்டர் என்றால் வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வண்டிக்கு எதிர்ப்புறம் பார்க்க வையுங்கள். வண்டியிலேயே பொருத்தியது என்றால் அதன் புகைக்குழாய் பாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும். வண்டித் தரைக்கு அடியிலேயே முடியும் குழாய் வேண்டவே வேண்டாம். ஜன்னலுக்கு நேர் கீழேயும், கதவு இருக்கும் பக்கத்திலும் வரக்கூடாது. சுவரை ஒட்டியோ இரண்டு பஸ்களுக்கு நடுவிலோ நிறுத்தினால், நல்ல குழாயின் புகைகூடத் திரும்பி வண்டிக்கடியிலேயே தேங்கும்.

இப்போது தரை. பட்டறையில் வண்டி கட்டும்போது தண்ணீர்க் குழாய்க்கு ஒரு துளை, கழிவுநீருக்கு ஒன்று, ஜெனரேட்டர் கேபிளுக்கு ஒன்று, ஏசி பைப்புக்கு ஒன்று என்று போட்டுவிடுவார்கள். பிறகு கேபிளை இடம் மாற்றுவார்கள், பழைய துளை அப்படியே இருக்கும். பெரும்பாலும் சோபாப் பெட்டிக்குள், தூக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், முக்கால் இஞ்ச் அளவில். சிலர் கெட்டியாகும் பசையை அப்பி அடைத்திருப்பார்கள். ஓடுகிற வண்டியின் அதிர்வில் அது சீக்கிரமே விரிசல் விட்டுவிடும். துளையின் விளிம்பில் ரப்பர் குரோமெட் என்ற வளையத்தைப் போட்டு, மேலே நெகிழும் பாலியூரிதேன் சீலன்ட் பூசுவதுதான் சரி.

வாடகைக்கு எடுக்கும் முன் இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஜெனரேட்டரும் இன்ஜினும் அணைந்திருக்கட்டும். கேஸ் சிலிண்டரை மூடி, உள்ளே கேஸ் வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா ஜன்னல்களையும் சாத்துங்கள். கழிப்பறை எக்ஸாஸ்ட் விசிறியையும் சமையல் சிம்னியையும் போடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி சோபாப் பெட்டி, கட்டில் அடி, சிங்க்குக்குக் கீழே, கழிப்பறை ஓரம் என்று தரையை ஒட்டிக் கொண்டுபோங்கள். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை ஓரிடத்தில் சட்டென்று மேல்நோக்கிச் சிதறினால், அங்கே கீழிருந்து காற்று ஏறுகிறது. எக்ஸாஸ்ட் விசிறி உள்காற்றை வெளியே தள்ளும்போது அந்த இடத்தை நிரப்ப வேறெங்கிருந்தோ காற்று வந்தாக வேண்டும். நல்ல வென்ட் இல்லாத வண்டியில் அது தரைத் துளை வழியாக, அதாவது ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து வரும். புகை போகட்டும் என்று போட்ட விசிறியே புகையை இழுத்து வரும். பிறகு ஒரு டார்ச்சோடு குனிந்து புகைக்குழாயின் இணைப்புகளைப் பாருங்கள். குழாய்கள் சேரும் ஃபிளேன்ஜைச் சுற்றிக் கறுப்பாகக் கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே கசிவை அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது.

கைவிட்ட கேபிள் துளைகள் வேறு, காற்று வந்துபோகவென்றே தரையிலும் கூரையிலும் மூட முடியாதபடி வைத்திருக்கும் வென்ட்டுகள் வேறு. அந்த வென்ட்டுகள் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். எலி வருகிறது, கொசு வருகிறது, குளிர் வருகிறது என்று துணி அடைக்காதீர்கள். வலை போடலாம். தடிமனான கம்பளி வாங்கலாம். வென்ட் திறந்திருக்கட்டும்.

குளிருக்காக உள்ளே நெருப்பு வைப்பது இன்னும் மோசம். பார்பிக்யூ முடிந்ததும் "நெருப்பு அணைஞ்சிடுச்சு, கங்குதான் இருக்கு" என்று அடுப்பை வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தூக்கி வைக்கிறார்கள். புகையாத கரிக்கங்குதான் கார்பன் மோனாக்சைடை அள்ளிக் கொட்டும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வதும் கூடாது. சமைக்கும்போது சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக நீண்டு, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் எரிவது சரியில்லை என்று பொருள், பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.

சிலிண்டர் பற்றிச் சுருக்கமாக. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில், நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டர் வாழும் அறைக்குள் இருக்கக்கூடாது. வெளியில் மட்டும் திறக்கும் தனிப்பெட்டியில், நிமிர்ந்த நிலையில், பெல்ட் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் ஐந்து வருடத்துக்குத்தான், தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

"அலாரம் இருக்கே" என்று பலர் காட்டுவது எல்பிஜி அலாரத்தை. அது கார்பன் மோனாக்சைடுக்குக் கத்தாது. இரண்டும் வேறு வேறு. எல்பிஜி அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து பரவும் என்பதால் அதன் அலாரம் படுத்திருப்பவரின் மூச்சு உயரத்தில், அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். திரைக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். வாங்கும்போது ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கானது 50291-1. கேரவன், படகு போன்றவற்றுக்கானது 2. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்காக சென்சார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பின்புறம் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். வாடகை வண்டியில் இது இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு நாள் வாடகையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

அலாரம் கத்தினால் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், தலையை எண்ணுங்கள். பிறகு வெளியிலிருந்தபடியே ஜெனரேட்டரை நிறுத்துங்கள். 108-ஐ அழையுங்கள். அலாரம் கத்தாவிட்டாலும், வண்டியில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி என்றால் "மதியம் சாப்பிட்டது ஒத்துக்கலை", "மலைப்பாதை வாந்தி" என்று முடிவு கட்டாதீர்கள். வெளியே வந்ததும் சரியாகி, உள்ளே போனதும் திரும்புகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணும். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "ஜெனரேட்டர் ஓடிய வண்டிக்குள் இருந்தோம்" என்று சொல்லுங்கள். ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்ப்பார்கள், முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். சாதாரணக் காற்றில் அந்த அளவு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணி இருந்தால் தாய் தெளிந்துவிட்டாலும் கட்டாயம் காட்டுங்கள், வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குடும்பத்தை ஊரில் இறக்கிவிட்டோ, ஓட்டலில் தங்கவைத்தோ, பிறகு காலி வண்டிக்குள் தனியாகப் படுப்பவர்கள் ஓட்டுநரும் உதவியாளரும்தான். நாள் முழுக்க ஓட்டிய அலுப்பில், கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொள்வார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? முன்பதிவு செய்யும்போதே "டிரைவர் எங்கே படுப்பார்?" என்று கேளுங்கள். ஓட்டலில் டார்மிட்டரி படுக்கை ஒன்று அவருக்குச் சேர்த்துப் போடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஜன்னல் வலையும் ஒரு 12 வோல்ட் விசிறியும் இருக்கிறதா என்று பார்த்து, ஜெனரேட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு தூங்கப் போங்கள்.