அரை டெசிபல் செய்யும் ஏமாற்று

இரண்டு டி.ஏ.சி.களை (டிஜிட்டல் பதிவை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவிகளை) மாற்றி மாற்றிக் கேட்டவர், "இரண்டாவதில் குரல் தெளிவு, மிருதங்கத்தின் தொப்பி நன்றாக இறங்குகிறது" என்கிறார். அளந்து பார்த்தால் இரண்டிலும் திரிபு 0.001 சதவீதத்துக்கும் கீழே. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட வித்தியாசம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

முதலில் எண்கள். சி.டி.யின் 16 பிட், பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் வீதம், 96 டெசிபல் வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) தரும். 24 பிட்டுக்குரிய 144 டெசிபல் கணக்கில் மட்டுமே உண்டு. மின்சுற்றின் சொந்த இரைச்சல் அதற்கு வெகு முன்பே குறுக்கே வந்துவிடும். மின்விசிறி ஓடும் அறையில் 115 டெசிபல் கருவிக்கும் 122 டெசிபல் கருவிக்கும் வித்தியாசம் காண்பது நடக்காத காரியம்.

காதை ஏமாற்றுவது ஒலியளவுதான். ஒரு கருவி 2 வோல்ட்டும் மற்றது 2.3 வோல்ட்டும் தந்தால் இரண்டாவது 1.2 டெசிபல் உரக்கப் பாடும். அரை டெசிபல் ஏற்றத்தைக்கூடக் காது "சத்தம் கூடியது" என்று உணராது; "தெளிவு கூடியது" என்றே எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, ஒலி ஏற ஏறக் கீழ்ச்சுருதி நமக்குக் கூடுதலாகவே கேட்கும். ஒலி ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைந்து காட்டிய விஷயம் இது.

எனவே ஒப்பிடும் முன் அளவைச் சமன் செய்யுங்கள். 300 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சுருதியில் நிற்கும் சோதனை ஒலியை) ஓடவிட்டு, ஹெட்போன் செருகியிருக்கும்போதே மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளக்கவும். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள், அதாவது 0.1 டெசிபலுக்குள், வர வேண்டும். வழக்கமான 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவான மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல், நாணயம் சுண்டி இன்னொருவர் மாற்ற, ஓடுவது எந்தக் கருவி என்று 16 முறை சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. மாற்றும் இடைவெளி சில நொடிகளைத் தாண்டினால் காதின் நினைவு மங்கிவிடும்.

மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவின் வழியில் ஒலியைச் சி.டி. தரத்துக்கு (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) இறக்கும் சுற்று ஒன்றைப் புகுத்தியும் எடுத்தும் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியானவை 276. பூவா தலையா போட்டாலும் இதுதான் வந்திருக்கும்.

ஆனால் எல்லாம் பிரமை என்றும் தள்ளிவிட முடியாது. பெட்டியில் பெரும்பாலும் அச்சிடாத ஓர் எண் ஒலியை உண்மையாகவே மாற்றும்: ஹெட்போன் துளையின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை; ஓமில் அளப்பது. 300 ஓம் என்று போட்ட ஹெட்போன் ஒன்று 100 ஹெர்ட்ஸ் அருகே 500 ஓம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்பின் (ஒலிபெருக்கிச் சுற்றின்) வெளியீடு 120 ஓம் என்றால், அந்த இடத்தில் மட்டும் ஒலி சுமார் 1 டெசிபல் தூக்கலாக இருக்கும். பலருக்கு அது "கதகதப்பு"! பல டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) கொண்ட இயர்போன்களில் இம்பீடன்ஸ் இன்னும் தாறுமாறாக ஏறி இறங்குவதால், 10 ஓம் வெளியீடே பாட்டின் நிறத்தைத் திருப்பிவிடும். வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் தொல்லை இல்லை: 16 ஓமுக்கு 2 ஓம்.

வால்வு ஆம்ப்பின் இனிமையும் இந்த வகைதான். அதன் இரண்டாம் சுரப்பெருக்கு (மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணில் சேரும் திரிபு) ஒரு சதவீதம் இருந்தாலும், ஒரு ஸ்தாயி மேலே அதே சுரமாக விழுவதால் காதை உறுத்தாது. அளவீட்டில் அது குறைதான். பிடித்திருந்தால் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. வெறும் பாஸ் தூக்கல்தான் வேண்டுமென்றால் ஈக்வலைசர் இலவசமாகவே கிடைக்கிறது.