கல்லைக் கரைக்கும் குப்பை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தென்னைக்கு நடுவில் சோயா போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். குப்பையோடு ராக் பாஸ்பேட்டைக் கலந்து வைத்துப் போடச் சொல்கிறார்கள். அது கல்லுமாவுதானே சார், செடி எப்படித் தின்னும்?"

கல்லுமாவேதான். கால்சியமும் பாஸ்பேட்டும் இறுகப் பிடித்துக்கொண்ட பாறை. செடிக்கு வேண்டிய பாஸ்பரஸ் சத்து அந்தப் பாஸ்பேட்டில்தான் இருக்கிறது. கேரளத்துச் செம்மண்ணில் இதை அப்படியே தூவுவார்கள். மண்ணே புளிப்பு என்பதால் மெல்லக் கரைந்துவிடும். உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரக் கரிசலில் அது நடக்காது. சுண்ணாம்பு கலந்த மண், தூவிய கல் கல்லாகவே கிடக்கும். தண்ணீரில் கரையும் கடை உரமான சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் மண்ணின் கால்சியம் அதில் பெரும்பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

சோயாவுக்கு இது வயிற்றில் அடிப்பது மாதிரி. அதன் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க 16 ஏடிபி செலவாகிறது. ஏடிபி என்பது உயிரணு ஆற்றலைச் செலவழிக்கும் சில்லறைக் காசு, பாஸ்பரஸ் கலந்து செய்தது. பாஸ்பரஸ் இல்லாமல் ஏடிபி ஏது?

சரி, கல்லை எப்படிக் கரைப்பது? போர் தண்ணீர் காய்ச்சும் குண்டாவுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்குமே, எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும். அங்கே இரண்டு வேலை நடக்கிறது. புளிப்பு, படிவை அரிக்கிறது. அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: சிட்ரிக் அமிலம் கால்சியத்தை நண்டு கவ்வுவதுபோல் கவ்விக்கொள்கிறது. இதற்குக் கீலேஷன் என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. ராக் பாஸ்பேட்டிலும் இதேதான். கவ்வப்பட்ட கால்சியம் பாஸ்பேட்டைக் கைவிட்டுவிடுகிறது.

குப்பைக் குவியலில் எலுமிச்சை பிழிவது பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிரும் சில பூஞ்சைகளும். சாணத்தையும் சருகையும் தின்று சிட்ரிக், ஆக்சாலிக் அமிலங்களைக் கசியவிடுகின்றன. ஒரு ஏக்கர் கரிசலைப் புளிக்க வைக்க யாராலும் முடியாது, சுண்ணாம்பு அத்தனையையும் குடித்துவிடும். தீனி நிறைந்த குவியலுக்குள், கல்துகளை ஒட்டியே அமிலம் ஊறினால் முடியும். முன்கூட்டியே கலந்து நிழலில் வைப்பது அதற்காகத்தான். விடுபட்ட பாஸ்பரஸில் ஒரு பங்கை அந்த நுண்ணுயிர்களே தின்றுவிடும். நஷ்டமில்லை, பத்தாயத்தில் போட்ட நெல் அது. வயலில் அவை சாகச் சாக, மொத்தமாகக் கால்சியத்திடம் சிக்காமல், வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரிக்குச் சொல்லும் ஊட்டமேற்றிய தொழுவுரம், ஹெக்டேருக்கு 750 கிலோ, இதற்குப் பங்காளிதான். அதில் சேர்ப்பது சூப்பர் பாஸ்பேட். குப்பையால் மண் பொலபொலப்பதும் ஈரம் நிற்பதும் நீங்கள் அறியாததல்ல.

பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். நான் ஒருமுறை மே மாதத்தில், தகரக் கூரைக் கடையில் அடுக்கி வைத்திருந்ததை வாங்கினேன். உள்ளே ஒன்றாவது உயிரோடு இருந்திருக்குமா, சந்தேகம்தான். அமாவாசை பார்த்துக் குப்பை கலக்கும் நண்பர்கள் பாக்கெட்டின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை! புதுப்புது ரக ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் கொஞ்சத்தை, இந்தப் பாக்கெட்டைச் சூடேறாமல் கிராமம்வரை கொண்டுவரச் செலவழித்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. உங்கள் காட்டில் கடலை நன்றாக முடிச்சு விட்டது என்பதற்காகச் சோயாவும் விடும் என்று நம்பாதீர்கள். முடிச்சு விடவைக்கும் பாக்டீரியாவான ரைசோபியம் சோயாவுக்கு வேறு, கேட்டு வாங்கி விதைநேர்த்தி செய்யுங்கள். 40 நாளில் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவப்போடியிருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் மறுபடி எழுதுங்கள்.