உடையும் அணுக்கருவின் துண்டுகள் எந்தப் பக்கம் பறக்கும்?

அணுக்கருப் பிளவு என்றால் எல்லோரும் ஆற்றலைப் பற்றித்தான் பேசுவார்கள். யுரேனியக் கரு இரண்டாக உடைகிறது, ஏறக்குறைய 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படுகிறது, கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள். துண்டுகள் எந்தத் திசையில் போயின என்று பாடப்புத்தகம் கேட்பதில்லை. அணு உலைக்கும் அந்தக் கவலை இல்லை. மெதுவான நியூட்ரான் பட்டு யுரேனியம்-235 உடையும்போது துண்டுகள் எல்லாப் பக்கமும் சம அளவில் சிதறுகின்றன.

எப்போதும் அப்படி இல்லை என்பது 1952இல் தெரிந்தது. வின்ஹோல்ட், டெமோஸ், ஹால்பர்ன் ஆகிய மூவர் தோரியத்தின் மீது உயர் ஆற்றல் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, பாய்ச்சினார்கள். ஃபோட்டான் கற்றை செல்லும் திசையைவிட அதற்குச் செங்குத்தான திசையில் அதிகத் துண்டுகள் வந்தன. வெறும் கோணக் கணக்குதான், ஆனால் கண்ணால் ஒருபோதும் பார்க்க முடியாத ஒரு கணத்தில் கரு எப்படி நின்றது என்பதை அது சொல்லிவிடுகிறது. பிளவு பற்றிய ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

உடைவதற்கு முன் கரு நீள்கிறது. ஓர் எல்லைவரை நீண்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வழி உண்டு. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது. இயற்பியலாளர்கள் அதைச் சேணப்புள்ளி என்பார்கள். அதற்கப்புறம் இரு பாதிகளின் நேர்மின்னூட்டங்களும் ஒன்றையொன்று தள்ள, துண்டுகள் நீளவாக்கு அச்சின் வழியே இரு பக்கமும் பறக்கின்றன. ஆக, துண்டு போன திசை தெரிந்தால் அச்சு இருந்த திசையும் தெரிந்துவிடும்.

சரி, அச்சு ஏன் ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்த்து நிற்க வேண்டும்? காரணம் சுழற்சி. சுழற்சியின் அளவையும் திசையையும் சொல்வது கோண உந்தம். தோரியம்-232 கருவுக்கு இயல்பு நிலையில் அது பூஜ்யம். ஃபோட்டான் தன்னுடைய ஓர் அலகு கோண உந்தத்தை, தான் செல்லும் கோட்டின் வழியாகவே கருவுக்குக் கொடுக்கிறது. இந்தக் கோண உந்தத்தில் எவ்வளவு பங்கு நீளவாக்கு அச்சின் மேல் விழுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்குக் 'கே' என்று பெயர். கே பூஜ்யம் என்றால் அச்சு சுழற்சித் திசைக்குக் குறுக்காக இருக்கிறது என்று பொருள். ஃபோட்டான் விஷயத்தில் சுழற்சி கற்றையின் வழியே இருப்பதால், அச்சு கற்றைக்குக் குறுக்காக அமையும். தோரியத் துண்டுகள் 90 பாகையில் குவிந்தது இதனால்தான்.

வேகமான நியூட்ரானோ கன அயனியோ (மின்னூட்டம் பெற்ற கனமான அணு) மோதினால் இதே விதி நேர்மாறான விளைவைத் தருகிறது. கருவின் நடுவைவிட்டு விலகி வந்து மோதும் துகள் கொடுக்கும் கோண உந்தம் கற்றைக்குச் செங்குத்தானது. கே பூஜ்யமாக இருந்தால், கற்றையையும் உள்ளடக்கிய ஒரு தளத்தில் நீள் அச்சு சுற்றும். ஒவ்வொரு கருவுக்கும் ஒரு தளம். பூமி உருண்டையின் தீர்க்கக் கோடுகள் எல்லாம் துருவங்களில் வந்து கூடுவதுபோல, இந்தத் தளங்கள் எல்லாம் கற்றையின் கோட்டில் வந்து கூடுகின்றன. அதனால் முன்னும் பின்னும் துண்டுகள் நெருக்கமாக வருகின்றன, பக்கவாட்டில் குறைவு.

மெதுவான நியூட்ரான் இப்படிக் கோண உந்தம் எதையும் கொண்டுவருவதில்லை. யுரேனியம்-235 கருக்களின் சொந்தச் சுழற்சியோ ஆளுக்கொரு திசையில் கிடக்கிறது. சமமாகச் சிதறுவதற்கு அதுதான் காரணம்.

இதற்கான விளக்கத்தை 1955 ஜெனீவா மாநாட்டில் முன்வைத்தவர் ஆகே போர், நீல்ஸ் போரின் மகன். சேணப்புள்ளியில் கருவின் ஆற்றல் பெரும்பாலும் நீள்வதற்கே செலவாகிவிடுகிறது. மிச்சம் கொஞ்சம்தான். எனவே அந்த இடத்தில் கரு குளிர்ந்த நிலையில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிலைகளின் வழியாகவே கடக்க முடியும். கடக்கும்போது இருந்த கே அதன்பின் மாறுவதில்லை. ஆற்றலைக் கூட்டினால் கரு சூடாகிறது, விதவிதமான கே மதிப்புகள் கலக்கின்றன, திசை வேறுபாடு மங்குகிறது. யுரேனியம்-238இல் ஓர் அழகான விதிவிலக்கு உண்டு. நியூட்ரானின் ஆற்றல் 6, 7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டைத் தொடும்போது, மங்கிவந்த வேறுபாடு திடீரென்று மறுபடி ஏறுகிறது. முதலில் ஒரு நியூட்ரானை உமிழ்ந்து, குளிர்ந்து, அப்புறம் பிளக்கும் கருக்கள் அங்கேதான் தலைகாட்டத் தொடங்குகின்றன.

இதை அளக்க அப்பிரகத் (மைக்கா) தகடே போதும். துண்டின் மின்னூட்டம் மிக அதிகம், காற்றில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். அதனால் வெற்றிடக் கலத்துக்குள் மெல்லிய இலக்கை வைத்து, பல கோணங்களில் தகடுகளை நிறுத்துகிறார்கள். துண்டு பாய்ந்த இடத்தில் படிக அமைப்பு சிதைந்திருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அந்தச் சிதைவை அரித்துப் பெரிதாக்க, நுண்ணோக்கியில் சாய்சதுரக் குழிகள் தெரியும். அவற்றை எண்ண வேண்டியதுதான். இலக்கிலிருந்து ஓயாமல் வரும் ஆல்ஃபா துகள்களால் அப்பிரகத்தில் தடம் பதிக்க முடியாது என்பது பெரிய வசதி.

1980களில் கன அயனி மோதல்களில் கணக்கு பிசகியது. முன்பின் குவிப்பு கோட்பாடு சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தது. மும்பை டிராம்பேயில் வி.எஸ்.ராமமூர்த்தியும் எஸ்.எஸ்.கபூரும் 1985இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இரண்டு கருக்கள் ஒட்டும்போது அவற்றை இணைக்கும் கோடுதான் நீள் அச்சு, அந்த நொடியில் கே பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அது பல மதிப்புகளாகப் பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பரவுவதற்குள் உடைந்தால் முன்பின் குவிப்பு கூடும். அதாவது, துண்டுகளின் கோணம் ஒரு கடிகாரமாகவும் ஆகிவிட்டது.

1995இல் ஹிண்டேயும் சகாக்களும் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆக்சிஜன்-16ஐ யுரேனியம்-238 மீது மோதவிட்டார்கள். ஆற்றலைக் குறைக்கக் குறைக்க முன்பின் குவிப்பு ஏறியது. யுரேனியக் கரு நீள்வடிவம். குறைந்த ஆற்றலில் அதன் முனையில் மட்டுமே ஒட்ட முடியும். அப்படி ஒட்டினால் இரண்டும் சேர்ந்து நீளமாக நிற்கும், முழுதாகக் கலப்பதற்குள் பிரிந்துவிடும். விலாப்புறத்தில் மோதினால் கச்சிதமாக ஒன்று சேர வாய்ப்பு அதிகம். மீகனத் தனிமங்களை (யுரேனியத்தைவிட மிகக் கனமானவை) உண்டாக்க முயல்பவர்கள் எந்த ஆற்றலில் மோதவிடுவது என்று தீர்மானிக்கும்போது இந்த முனை, விலா வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.