ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் மட்டும் ஏன் கருப்பா இருக்கு?

போன ஐப்பசி மழையில எங்க அத்தையோட ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. பட்டனை அமுக்குனா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. ஒரு சர்வீஸ் கடையில தொறந்துகூட பாக்காம மதர்போர்டு (எல்லா பாகமும் சொருகியிருக்குற பெரிய பலகை) போச்சு, மாத்தணும்னுட்டாங்க. அத்தை போன் பண்ணி "ஏம்ப்பா, இது பொழைக்குமா, புதுசுதான் வாங்கணுமா?"ன்னு கேட்டாங்க. இதுக்கு பதில் சொல்லணும்னா பட்டன் அமுக்குனதுல இருந்து படம் வர்ற வரைக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும், ஏன்னா படம் வர்றதுக்கு முன்னாடி வரிசையா நெறைய வேலை இருக்கு, அதுல எங்க தடுக்கி நின்னாலும் நமக்கு தெரியுறது அதே கருப்புதான்.

ப்ளக்ல கரண்ட் இருக்குற வரைக்கும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து, அதாவது கரண்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற பெட்டியில இருந்து, மதர்போர்டுக்கு ஒரு 5 வோல்ட் எப்பவும் வந்துகிட்டே இருக்கும். பட்டனை அமுக்குனதும் மதர்போர்டு ஒரு சிக்னல் குடுக்குது, அப்பதான் 12, 5, 3.3 வோல்ட் மூணும் முழுசா வரும். ஃபேன் சுத்த அந்த 12 வோல்ட் போதும், அதனால ஃபேன் சுத்துதே, கம்ப்யூட்டர் ஓடுதுன்னு நெனச்சிடாதீங்க. வோல்டேஜ் எல்லாம் நிலையானதும் எஸ்எம்பிஎஸ் "எல்லாம் சரி"ன்னு இன்னொரு சிக்னல் அனுப்பும், அரை செகண்டுக்குள்ள வந்துடும். அது வந்தப்புறம்தான் பிராசஸர் கண்ணு முழிக்கும். (நம்ம ஊர்ல சிபியூன்னா மொத்த பெட்டியையும் சொல்லுவோம், நான் சொல்றது உள்ள ஃபேனுக்கு அடியில இருக்குற சிப்ப.)

இன்டெல் பிராசஸர்னா, முழிச்சதும் அது போயி நிக்கிற மொத எடம் எப்பவும் ஒண்ணுதான், மெமரி முகவரி வரிசையில 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழ இருக்குற முகவரி, அங்க பயாஸ் (கம்ப்யூட்டர எழுப்பி விடுற மொத புரோகிராம்) சிப்ல இருக்குற கட்டளை காத்துகிட்டு இருக்கும். இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு நடக்குது. அந்த நிமிஷத்துல ரேம் (புரோகிராம் ஓடுறப்ப தேவையானத வச்சுக்கிற மெமரி) இன்னும் தயாரா இல்ல, புரோகிராம் ஓட எடம் வேணுமே, அதனால பயாஸ் பிராசஸருக்குள்ளயே இருக்குற கேஷ்ங்கிற குட்டி மெமரிய கொஞ்ச நேரம் ரேம் மாதிரி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ரேம் ஸ்டிக்லயும் இருக்குற ஒரு குட்டி சிப்ப படிச்சு, அளவு என்ன ஸ்பீடு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி டைமிங்க செட் பண்ணும். டிடிஆர்5ங்கிற புது வகை ரேம் இருக்குற மெஷின்ல மொத தடவ இதுக்கே சில நிமிஷம் ஆகலாம், பயந்து பாதியில ஆஃப் பண்ணிடாதீங்க. ரேம் ரெடியானாதான் கிராபிக்ஸ எழுப்ப முடியும், அதுக்கப்புறம்தான் லோகோ வரும்.

அப்போ ரேம்லயே சிக்கல்னா அதை ஸ்கிரீன்ல எழுதிக் காட்டக்கூட வழி இல்லையே? அதுக்குத்தான் பீப் சத்தம். எத்தனை பீப்னா என்ன அர்த்தம்ங்கிறது பயாஸ் கம்பெனிக்கு கம்பெனி மாறும், உங்க போர்டோட புக்ல பாத்துக்கோங்க. இப்ப வர்ற கேபினட் பலதுல ஸ்பீக்கரே இருக்காது, தனியா ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கி போர்டுல சொருகிக்கலாம், ரொம்ப கம்மி விலைதான். புது போர்டு சிலதுல சிபியூ (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் மாதிரி சிஸ்டம் இருக்குற டிஸ்க்)னு நாலு எல்இடி இருக்கும், எது அணையாம நிக்குதோ அங்கதான் கோளாறு.

தொறக்குறதுக்கு முன்னாடி வெளியில ரெண்டு நிமிஷம் பாருங்க. மானிட்டர் "நோ சிக்னல்"னு காட்டுனா மானிட்டர் உயிரோட இருக்கு. கீபோர்டுல நம்லாக் அமுக்கி லைட் மாறுதுன்னா உள்ள எல்லாம் ஓடுது, படம் வர்ற வழியில மட்டும்தான் பிரச்சனை. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா எச்டிஎம்ஐ கேபிள் அந்த கார்டுலதான் இருக்கணும். பேருக்கு கடைசியில எஃப்னு முடியுற இன்டெல் கோர் பிராசஸர்ல கிராபிக்ஸே கிடையாது, கேபிள மதர்போர்டுல சொருகுனா ஒண்ணும் வராது. எஸ்எம்பிஎஸ் பெட்டிய மட்டும் பிரிக்கவே பிரிக்காதீங்க, ப்ளக்க புடுங்குனப்புறமும் அதுக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

அத்தை கடையில நம்லாக் மாறல. ப்ளக்க புடுங்கிட்டு, பட்டனை சில செகண்ட் அமுக்கி மிச்ச கரண்ட வெளியேத்திட்டு, ஸ்பீக்கர சொருகி, ரேம் ரெண்டையும் கழட்டி வச்சிட்டு ஆன் பண்ணேன். நீளமா பீப் அடிச்சுது. அந்த சத்தம் கேட்டதும் எனக்கு உசுரே வந்துச்சு, ஏன்னா "ரேம் இல்ல"ன்னு சொல்றதுக்கு பிராசஸரும் பயாஸும் எஸ்எம்பிஎஸ்ஸும் வேலை செஞ்சாகணும், போர்டு செத்திருந்தா பீப்பே வந்திருக்காது. ப்ளக்க மறுபடி புடுங்கிட்டு ரேம வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன், தங்க நெறத்துல பளபளன்னு இருக்க வேண்டிய காலுங்க மேல மங்கலா ஒரு படலம், ஜெராக்ஸ் டோனர் தூளும் மழை ஈரமும் சேந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனக்கிறேன். வெள்ளை ரப்பரால பட்டும் படாம தேச்சேன், அந்த தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, அழுத்தக் கூடாது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருந்தா அதுதான் இன்னும் நல்லது. ஸ்லாட்டையும் பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, ஒரே ஒரு ஸ்டிக்க மட்டும் கிளிப் டக்குன்னு பூட்டுற வரைக்கும் அமுக்கினேன்.

சின்னதா ஒரே ஒரு பீப், அடுத்து லோகோ. ரெண்டாவது ஸ்டிக்கும் ஓடுச்சு. தேதி மட்டும் பழைய வருஷத்துல நின்னுச்சு, தேதிய நெனப்புல வச்சுக்க போர்டுல இருக்குற 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி தீந்துபோச்சு. அத்தை பக்கத்து கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்து, மாட்டுறதுக்குள்ள வெளியில நின்னவருக்கு ரெண்டு ஆதார் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டாங்க.