படகுக் கூரையின் பிணைச்சல் உடைந்தால் வெல்டிங் வைக்காதீர்கள்

காசல்ரீ, மவுசாகலை, கிரகரி வாவி என்று நம் மலையகத்து நீர்நிலைகளில் ஓடும் மோட்டார் படகுகள் எங்கள் பட்டறைக்கு வரும்போது, என்ஜினைவிடக் கூரையில்தான் எனக்குக் கவலை அதிகம். வெயிலுக்கும் மழைக்கும் விரித்து, வேண்டாதபோது மடக்கிவைக்கிற துணிக் கூரையைச் சொல்கிறேன். அதைத் தாங்கும் குழாய் வளையங்கள் வருடக்கணக்கில் நன்றாகவே இருக்கும். உடைவது, அந்தக் குழாய் படகின் விளிம்போடு சேரும் இடத்திலுள்ள உள்ளங்கையில் அடங்கும் சாமான்கள்தான். விளிம்பில் பதிந்திருக்கும் பிணைச்சல், குழாயின் நுனியிலுள்ள காது, குழாயின் நடுவில் இறுக்கிவைக்கும் கவ்வி, இவற்றைக் கோர்க்கிற பின் என்று நான்கே வகை. கடையில் கேட்கும்போது டெக் ஹிஞ்ச், ஐ எண்ட், ஜோ ஸ்லைட் என்றால்தான் எடுத்துத் தருவார்கள்.

உடைந்த சாமானோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, இந்தச் சாமான் எங்கயும் கெடைக்கலண்ணே. நீங்களே வெல்டு வச்சு நிறுத்திக் குடுத்துருங்க." இப்படிக் கேட்கும் தம்பிமார் மேல் எனக்குக் கோபமில்லை. ஹட்டனில் தேடிவிட்டு, நுவரெலியாவில் தேடிவிட்டு, சீசன் நேரத்தில் ஓட்டம் நிற்கிறதே என்ற தவிப்பில் வருகிறார்கள். ஆனாலும் நான் வெல்டிங் வைத்துக் கொடுப்பதில்லை. காரணம் தெரிந்தால் நீங்களும் கேட்க மாட்டீர்கள்.

வெல்டிங் வைத்தால் கூரை மடங்காது. கூரை மடங்குவது வசதிக்கு மட்டுமல்ல, உயிர் தப்புவதற்கும்தான். 1999 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் மிஸ் மஜெஸ்டிக் என்ற சுற்றுலாப் படகு ஓர் ஏரியில் மூழ்கி 13 பேர் இறந்தார்கள். நிலத்திலும் நீரிலும் ஓடுகிற வகை வண்டி அது. படகு தாழும்போது பலரால் கூரையைத் தாண்டி வெளியே வர முடியவில்லை. அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்து, நிலையான கூரையே பெரிய தடையாக இருந்தது என்று சொல்லி அவ்வகைக் கூரைகளை அகற்றும்படி பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் 2018 ஜூலையில் மிசூரி மாநிலத்து ஏரியொன்றில் அதே வகைப் படகு புயற்காற்றில் மூழ்கி 17 பேர் போனார்கள். உயிர்காப்பு அங்கி ஆளை மேலே தூக்கும்; மேலே அசையாத கூரை இருந்தால் அந்தக் கூரையோடுதான் சேர்த்து அழுத்தும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடு வாவிக்குப் போகிற படகில் கூரையை நிரந்தரமாக ஒட்டிவைக்கலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

இரண்டாவது காரணம் காற்று. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மலை இடுக்குகளால் வரும் காற்று, தண்ணீர்மேல் சொல்லாமல் கொள்ளாமல் திசை மாறும். படகு மணிக்கு 20 கிலோமீட்டரில் போய், எதிர்க்காற்று 30 கிலோமீட்டரில் அடித்தால் கூரைக்கு அது 50 கிலோமீட்டர் காற்று. அந்த வேகத்துக் காற்று நேராகப் பட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோ எடை தள்ளும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் கூரையின் முன்பக்கம் எழும்பி காற்றை முழுதாக வாங்கினால், நாற்பது கிலோ மேலேயும் பின்னேயும் இழுக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். அந்த நேரத்தில் கூரையை அரை நிமிடத்தில் மடக்க முடிய வேண்டும். அதற்காகத்தான் கையாலேயே இழுத்துக் கழற்றும் பின் வைத்துச் செய்திருக்கிறார்கள். அது தொலைந்ததும் அதனிடத்தில் போல்டும் நட்டும் போட்டு இறுக்குவதையும், வெல்டிங் கம்பித் துண்டை வளைத்துச் செருகுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். போல்டைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும். வளைத்த கம்பி கழன்று வராது, வந்தால் கையைக் கிழித்துக்கொண்டு வரும்.

சரி, சாமான் ஏன் கிடைப்பதில்லை? பாதி நேரம் கிடைக்கிறது, பொருந்துவதில்லை. இந்தக் கூரைச் சாமான்கள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் செய்யப்படுகின்றன. முக்கியமாக இரண்டு அளவு: முக்காலே அரைக்கால், அதாவது ஏழின் கீழ் எட்டு அங்குலம், 22.2 மில்லிமீட்டர், மற்றது ஓர் அங்குலம், 25.4 மில்லிமீட்டர். நம் கடைகளில் 22 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் குழாய்களும் இருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். 25 மில்லிமீட்டர் குழாயில் அங்குலக் கவ்வியை மாட்டினால் சுற்றிலும் இடைவெளி விழும். ஸ்குரூவை முறுக்கி முறுக்கி இறுக்குவார்கள், கவ்வியின் காது விரியும், அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி உடைந்து வரும்.

குழாயின் தடிப்பை நுட்பமாக அளக்கும் வேர்னியர் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீளாத நூல் ஒன்றை எடுத்துக் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, சேருமிடத்தில் பேனாவால் அடையாளமிட்டு, விரித்து அளவுகோலில் வையுங்கள். 70 மில்லிமீட்டருக்கு மிக நெருக்கமாக வந்தால் அது 22.2. 80க்குச் சற்று உள்ளே நின்றால் அங்குலக் குழாய். 78 அரையில் நின்றால் 25 மில்லிமீட்டர். கவனமாகச் சுற்றினால் இந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கடைக்குப் போவதற்கு முன் இந்த ஒரு வேலையைச் செய்தால் பஸ் காசு மிச்சம்.

நுனிக் காதில் இரண்டு ரகம் உண்டு: குழாய்க்கு வெளியே தொப்பியாக மாட்டுவது, குழாய்க்குள்ளே செருகுவது. உள்ளே செருகும் ரகமென்றால் குழாயின் தகட்டுத் தடிப்பும் வேண்டும், ஏனென்றால் ஒரே வெளியளவில் தடித்த குழாயும் மெல்லிய குழாயும் வரும். பிணைச்சலுக்கு அடித்தளத்தின் நீள அகலத்தோடு ஸ்குரூத் துளைகளின் இடைவெளியை எடுங்கள். ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த துளையின் இடது ஓரம்வரை அளந்தால் நடுவுக்கு நடு அளவு தானாக வரும். பின் துளை பெரும்பாலும் கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். அதில் 6 மில்லிமீட்டர் போல்டைப் போட்டால் ஆடும், ஆடினால் துளை முட்டை வடிவில் தேயும். கடைசியாக, உடைந்த சாமானை எறிந்துவிடாதீர்கள். இரண்டு துண்டானாலும் கையோடு கொண்டுபோங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸில் 316 ரகம் கடலுக்கு. அதில் சேர்த்திருக்கும் மொலிப்டினம் உப்புத் தண்ணீரின் அரிப்பைத் தடுக்கிறது. நம்முடையது நன்னீர். காசல்ரீக்கும் கிரகரி வாவிக்கும் 304 தாராளமாகப் போதும், 316 கேட்டு வீண் செலவு செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கும் பளபளப்பான குழாய்களில் பல 201 ரகம். நிக்கல் குறைத்து மங்கனீஸ் கூட்டிச் செய்தது. நம் ஓயாத ஈரத்தில் அது தேயிலைச் சாயம் பட்டதுபோலப் பழுப்புக் கறை பிடித்து, வெல்டிங் வைத்த இடத்தில் முதலில் அரிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கினேன் என்பார்கள். 201, 304, 316 மூன்றிலும் காந்தம் ஒட்டாது, அல்லது மிக லேசாகத்தான் ஒட்டும். காந்தத்தால் ரகம் பிரிக்க முடியாது. பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

நைலோன் சாமான் மோசமில்லை, நம் உயரத்தில் ஆயுள் குறைவு, அவ்வளவுதான். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்துச் சதவீதம் கூடுகிறது. நுவரெலியா இருப்பது 1,868 மீட்டரில். குளிர்கிறதே என்று நமக்கு வெயில் உறைப்பதில்லை, நைலோனுக்கு உறைக்கிறது. வெள்ளை நைலோனை நகத்தால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால், ஸ்குரூத் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பையும் தேடுங்கள், அநேகமாக இருக்கும். கறுப்பு நைலோன் வெயிலை அதிகம் தாங்கும். ஒன்று உடைந்தால் எதிர்ப்பக்கத்ததையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டும் ஒரே வெயிலைத்தான் தின்றிருக்கின்றன. அலுமினியக் குழாயில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடுகிறவர்கள் நடுவில் ஒரு நைலோன் வாஷர் வைத்து, மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இல்லையென்றால் வெள்ளைப் பொடி பூத்து இறுகி, கழற்றும்போது ஸ்குரூத் தலை முறிந்து கையோடு வரும்.

இவ்வளவும் சரியாக மாற்றிய பிறகும் சில படகுகளில் அதே பிணைச்சல் திரும்பத் திரும்ப உடையும். அப்போது பிணைச்சலை விட்டுவிட்டு முன்பக்கத்து வார்ப்பட்டியைப் பாருங்கள். கூரையை முன்னும் பின்னும் இழுத்து நிறுத்துவது அந்தப் பட்டிகள்தான். பிணைச்சல் கீழே திரும்பும் முனை மட்டுமே. பட்டி தளர்ந்தால் ஒவ்வோர் அலைக்கும் கூரை ஆடும், ஆட்டம் முழுவதும் அந்தச் சின்னப் பின்னில் போய் விழும். அலுமினியச் சாமானென்றால் பின்னைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் மை போன்ற அழுக்கு கசிந்திருக்கும். துடைத்தால் போகும், மறுநாள் மறுபடி வரும். அது தேய்ந்து கரையும் உலோகம். அதைக் கண்டதும் பட்டியின் தையலையும் பக்கிளையும் சோதித்து இறுக்கினால் பிணைச்சல் பிழைக்கும். துணி தொய்ந்து மழைநீர் தேங்கினாலும் இதே கதைதான். ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஒரு வாளித் தண்ணீர் கூரையில் குலுங்கிக்கொண்டு வருவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஏறி இறங்குகிறவர்கள் கூரைக் குழாயைப் பிடித்துத் தொங்குவதையும் தடுக்க வேண்டும். அது கைப்பிடி அல்ல. படகோட்டி கை கொடுத்து ஏற்றினால் போதும்.

புதிய பிணைச்சலைப் பழைய துளையிலேயே ஸ்குரூ முறுக்கி வைப்பதும் வேண்டாம். ஃபைபர் படகின் விளிம்புக்குள் மரம் வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கி அது உளுத்திருந்தால் ஸ்குரூ வெறுமனே சுற்றும். உளுத்ததைச் சுரண்டி, எபொக்சி ஊற்றி நிரப்பி, காய்ந்தபின் புதிதாகத் துளையிட்டு, முடிந்தால் கீழே ஒரு உலோகத் தகடு கொடுத்து ஊடுருவும் போல்ட் போடுங்கள். துளையை போலியூரெதேன் சீலன்டால் அடையுங்கள். குளியலறைச் சிலிக்கோன் இந்த வேலைக்கு நிற்காது.

வாங்குவதற்கு எங்கே போவது? நீர்கொழும்பு, பேருவளை பக்கத்துப் படகுத்துறைகளை ஒட்டிய கடைகளில் கேளுங்கள். போல்ட், வாஷர், குழாய் வகைகளுக்குக் கொழும்பு பழைய சோனகத் தெரு. துணியும் வார்ப்பட்டியும் தைக்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, ஊரிலுள்ள முச்சக்கரவண்டிக் குஷன் வேலைக்காரர்களே அருமையாகத் தைப்பார்கள். எங்குமே பொருந்தும் பிணைச்சல் இல்லையென்றால், உடைந்ததை மாதிரியாகக் கொடுத்து லேத் பட்டறையில் 304 கட்டியிலிருந்து கடைந்து வாங்கலாம். கடையில் வாங்குவதைவிடச் செலவு கூடத்தான். ஆனால் மடங்கும், கழலும்.

சாமான் வரும்வரை கூரையை முழுதாகக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரு பக்கம் கயிற்றால் கட்டி, மறுபக்கம் நல்ல பிணைச்சல் என்று ஓட்டினால் காற்று வரும்போது கூரை ஒரு பக்கமாகத் திரும்பி ஆட்கள்மேல் அடிக்கும். தொப்பியும் மழைக்கோட்டும் கொடுத்தால் பயணிகள் புரிந்துகொள்வார்கள். நுவரெலியா ஏப்ரல் சீசனுக்குப் படகு இறக்குகிறவர்கள் பெப்ரவரியிலேயே நூலையும் அளவுகோலையும் எடுங்கள். மார்ச் கடைசியில் கேட்டால் கொழும்பிலிருந்து சாமான் வந்து சேரவும் நேரமிருக்காது, எங்கள் பட்டறையில் இடமும் இருக்காது. இரண்டு பின், ஒரு சோடிக் காது, ஒரு பிணைச்சல், நான்கு ஸ்குரூ ஆகியவற்றை ஒரு பையில் போட்டுப் படகிலேயே வைத்திருங்கள்.