போதைத் தடுப்பு: பேரணி முடிந்த மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது?

ஜூன் 26 வந்தால் பள்ளிகளில் பதாகை ஏறும், உறுதிமொழி வாசிக்கப்படும், கருத்துப்போன நுரையீரலின் படம் திரையில் வரும். சர்வதேச போதை ஒழிப்பு தினமாக ஐ.நா. பொதுச் சபை 1987-ல் அறிவித்த நாள் அது. நினைவூட்டலுக்கு நல்லதுதான். அந்த ஒரு நாளையே தடுப்புப் பணி என்று பதிவேட்டில் எழுதி மூடிவிடுவதில்தான் சிக்கல்.

பயமுறுத்தல் ஏன் எடுபடுவதில்லை? பதினான்கு வயதுப் பையனுக்குப் புகைபிடிக்கும் அண்ணன்மார் நாலு பேரைத் தெரியும். நாலு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். 'ஒருமுறை தொட்டாலே அழிந்தாய்' என்று மேடையில் சொன்னது பொய் என்று அவன் கண்டுகொண்ட கணத்தில், நாம் சொன்ன உண்மைகளும் சேர்ந்தே போய்விடும். நாற்பது ஆண்டு கழித்து வரும் புற்றுநோய் அவன் கணக்கிலேயே இல்லை. வாய் நாற்றம், மைதானத்தில் இரண்டு சுற்றிலேயே மூச்சு வாங்குவது, வேப் (மின்-சிகரெட்) கையில் இல்லாத காலையில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவது: இவை அவனுக்குப் புரியும். பசை, பெயின்டில் கலக்கும் தின்னர் போன்றவற்றை முகர்வதில் மட்டும் விதிவிலக்கு உண்டு. முதல் முறையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எந்தப் பொருளை, எப்படி முகர்கிறார்கள் என்ற விவரம் மட்டும் வேண்டாம். அது செய்முறை விளக்கமாகிவிடும்.

அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய டேர் (D.A.R.E.) என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டம் பெரிய பாடம். சீருடை அணிந்த காவலர்களே வகுப்பெடுத்தார்கள்; நாடு முழுக்கப் பரவியது; பெற்றோருக்கு மிகவும் பிடித்தது. பிறகு வந்த ஆய்வுகளில், அதில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் கில்பர்ட் போட்வின் உருவாக்கிய வாழ்க்கைத்திறன் பயிற்சியின் அமைப்பு வேறு. நடுநிலை வகுப்பில் முதல் ஆண்டு 15 பாடவேளை, அடுத்த ஆண்டு 10, மூன்றாம் ஆண்டு 5. போதையைப் பற்றிய பாடம் அதில் கொஞ்சம்தான். பதற்றத்தைச் சமாளிப்பது, முடிவெடுப்பது, மறுத்துப் பேசுவது இவற்றுக்கே பெரும்பகுதி. இரண்டாம், மூன்றாம் ஆண்டு வகுப்புகளை நேரமில்லை என்று வெட்டும் பள்ளியில் முதல் ஆண்டு உழைப்பும் கரைந்துவிடும்.

மறுக்கும் பயிற்சியில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். 'வேண்டாம் என்று சொல்' என்று சொல்லிக் கொடுத்தால் போதாது, வாய் பழகவேண்டும். "ஒரே ஒரு இழுப்புதான்டா, பயமா?" என்று கேட்கும் வேடத்தை ஆசிரியரே ஏற்கவேண்டும். மாணவனிடம் கொடுத்தால் அவனுக்கு வற்புறுத்திப் பழக நாமே மேடை போட்டதாகும். கைதட்டலும் அவனுக்குத்தான் விழும். மறுக்க நான்கு வழி போதும்: நேராக மறுப்பது, காரணம் சொல்வது, அந்த இடத்துக்கே போகாமலிருப்பது, எழுந்து வெளியேறுவது. "நாளைக்கு மேட்ச் இருக்கு, எனக்கு வேணாம்" என்ற ஒரு வரி, ஐந்து நிமிட உபதேசத்தைவிட அந்த இடத்தில் உதவும். நன்றாகப் பேசும் பிள்ளைகளையே திரும்பத் திரும்ப எழுப்பாதீர்கள். கடைசி பெஞ்சில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் இது தேவை.

இன்னொன்று, பெயர் எழுதாத கணக்கெடுப்பு. இரண்டே கேள்வி: கடந்த 30 நாளில் நீ புகைத்தாயா? உன் வகுப்பில் எத்தனை பேர் புகைப்பதாக நினைக்கிறாய்? பெரும்பாலும் இரண்டாவது எண்தான் பெரிதாக வரும். 'எல்லாரும் செய்கிறார்கள்' என்ற எண்ணம் உடைவது அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கும்போதுதான். ஆனால் முடிவைத் தனியாகப் பார்த்துவிட்டே வகுப்பில் காட்டுங்கள். உண்மை எண்ணே அதிகமாக இருந்தால், அதைக் காட்டுவது எதிர்விளைவைத்தான் தரும்.

'பிரச்சினைப் பிள்ளைகளை' மட்டும் தனியாகக் கூட்டி ஆலோசனை தருவது நியாயமாகத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டிஷனும் சக ஆய்வாளர்களும் 1999-ல் எச்சரித்தது இதைத்தான்: அப்படிச் சேர்ந்த குழுவில் ஒருவன் தன் சாகசத்தைச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே பாராட்டாகிப் பழக்கம் கூடிவிடுவதுண்டு. ஒவ்வொருவராகப் பேசுங்கள், அல்லது குடும்பத்தோடு பேசுங்கள்.

பள்ளிக்கு வெளியே என்ன செய்வது என்பதற்கு ஐஸ்லாந்தைப் பார்க்கலாம். 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம். 2016-ல் 5 சதவீதம். தினமும் புகைத்தவர்கள் 23-லிருந்து 3 சதவீதமானார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது. பிள்ளைகள் இரவில் வெளியே இருக்கும் நேரத்துக்கு வரம்பு வந்தது. பெற்றோர்கள் தங்களுக்குள் பேசி ஒரே விதியை வைத்தார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பணமே தேவையில்லை. 'அவன் வீட்டில் விடுகிறார்களே' என்ற வாதம் பத்துப் பெற்றோர் ஒரே நேரத்தைச் சொன்னால் செல்லாது. 'வெளியே குடிப்பதைவிட நம் கண்ணெதிரே ஒரு வாய் குடிக்கட்டும்' என்ற பெற்றோரின் கணக்கும் தப்பு. வீட்டில் கிடைப்பது வெளியே குடிப்பதைக் குறைப்பதில்லை. தூக்க மாத்திரை, வலி மாத்திரை மிச்சத்தைப் பூட்டி வையுங்கள். எத்தனை இருக்கிறது என்று எண்ணியும் வையுங்கள்.

ஒரு மாணவன் போதையில் பிடிபட்டால் விசாரணை அப்புறம். கூப்பிட்டால் கண் திறக்கிறானா, மூச்சு சீராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மயங்கிக் கிடந்து மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்; மூச்சு இல்லையென்றால் அழைத்த கையோடு நெஞ்சை அழுத்தி அழுத்தி விடும் முதலுதவியை (சி.பி.ஆர்.) தொடங்குங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், தனியே விடாதீர்கள், என்ன எடுத்தான் என்று நண்பர்களைக் கேளுங்கள். 'சொன்னால் மாட்டிக்கொள்வோம்' என்று அவர்கள் பயந்து நின்றால் அந்த நிமிடங்கள் வீணாகும். அதனால், உதவி கேட்டு வருபவனுக்குத் தண்டனை இல்லை என்பதைப் பள்ளி முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். பிடிபட்டவனைப் பள்ளியை விட்டு நீக்குவது வேண்டாம். நீக்கினால் அவனுக்குக் கையில் முழுப் பகலும் மிச்சம். கூட இருப்பது அதே நண்பர்கள்.