பிரெஞ்சுத் தொலைத்தொடர்பு ஆவணத்தை ஆங்கிலமாக்கும்போது

பிரெஞ்சு ஆவணத்தில் ஓர் இணைப்பின் வேகம் விநாடிக்கு '2,048 மெகாபிட்' என்று இருந்தால், அந்தக் காற்புள்ளி உண்மையில் தசமப் புள்ளி. அப்படியே விட்டுவிட்டால் ஆங்கில வாசகர் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு மெகாபிட் என்று படிப்பார். வேகம் ஆயிரம் மடங்கு ஏறிவிடும். சரிபார்ப்பது எளிது, ஏனென்றால் இது பல தொலைபேசிக் குரல்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு. ஒரு குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட். அப்படி 32 தடங்கள் சேர்ந்தால் 2048 கிலோபிட், அதாவது 2.048 மெகாபிட். எனவே சொல்லைத் தொடுமுன் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அடுத்த பொறி பைட், அதாவது எட்டு பிட். பிரெஞ்சில் அதற்கு 'ஒக்தே' என்று பெயர், சுருக்கம் 'ஓ' என்ற ஒற்றை எழுத்து. 12 'எம்ஓ' என்றால் 12 மெகாபைட், அதாவது 96 மெகாபிட். இதை மெகாபிட் என்று எழுதினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பெரிய எண்களின் பெயர்களும் ஏமாற்றும். 'மில்லியார்' ஆங்கில பில்லியன் (நூறு கோடி). பிரெஞ்சு 'பில்லியோன்' ஆங்கில டிரில்லியன் (லட்சம் கோடி).

ஆங்கிலச் சாயல் கொண்ட சொற்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'தக்ஸாசியோன்' இங்கே வரிவிதிப்பு அல்ல, அழைப்புக் கட்டணம் கணக்கிடும் 'சார்ஜிங்'. 'கோந்த்ரோல்' பெரும்பாலும் சரிபார்த்தல்; ஆங்கிலக் 'கன்ட்ரோல்' பொருளுக்கு 'கொமாந்த்' வரும். 'நுமெரொதாசியோன்' எண்ணை அழுத்தி அழைக்கும் 'டயலிங்' ஆகலாம், எண்களை ஒதுக்கும் 'நம்பரிங்' ஆகவும் ஆகலாம். பத்தி தொலைபேசிக் கருவியைப் பற்றியதா, வலையமைப்புத் திட்டத்தைப் பற்றியதா என்று பார்த்தே முடிவெடுக்க முடியும்.

சுருக்கெழுத்துகள் பல தலைகீழாகும். ஆர்என்ஐஎஸ் என்பது ஐஎஸ்டிஎன் (குரலையும் தரவையும் சேர்த்துக் கடத்தும் இலக்கத் தொலைபேசி வலையமைப்பு), ஏஎம்ஆர்டி என்பது டிடிஎம்ஏ (ஒரே அலைவரிசையைப் பலர் நேரம் பிரித்துப் பயன்படுத்தும் முறை). எம்டிஏ என்பது ஏடிஎம்; பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, தரவைச் சிறு துண்டுகளாகக் கடத்தும் முறை. மாற்றாமல் விட்டால் மின்னஞ்சல் கடத்தும் மென்பொருள் என்று வாசகர் நினைத்துக்கொள்வார், ஏனென்றால் ஆங்கிலத்தில் எம்டிஏ அதற்கான சுருக்கம். ஆனால் சிசிஐடிடி (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் தரநிர்ணயக் குழு) மாறாது. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளையே ஆங்கிலமும் எடுத்துக்கொண்டது. 1993-இல் அது ஐடியு-டி ஆனது.

பிரான்சின் கண்ணாடியிழை வலையமைப்பில் வரும் 'பிஎம்' ('புவான் த முத்துவலிசாசியோன்', பகிர்வு முனை) வேறு வகைச் சிக்கல். பல நிறுவனங்கள் ஒரே இழைகளைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. தெருவோரப் பெட்டி என்று பெயர்த்தால் தவறாகிவிடும், ஏனென்றால் அடர்ந்த நகரப் பகுதிகளில் அது கட்டடத்துக்குள்ளேயே இருக்கலாம். பிரெஞ்சுச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் தருவதே நேர்மையான வழி.

ஐயம் வரும்போது அகராதியைவிட ஐடியு வெளியிடும் தொழில்நுட்பத் தரங்களான 'பரிந்துரைகள்'தான் கைகொடுக்கும். ஒரே ஆவணம் இரு மொழிகளிலும் வெளியாவதால், பிரெஞ்சுப் பதிப்பில் சொல் வரும் பத்தி எண்ணைக் குறித்துக்கொண்டு ஆங்கிலப் பதிப்பில் அதே எண்ணைப் பாருங்கள். ஜி.823 பரிந்துரையில் 'ஷிக்', 'தெராபாஜ்' என்று இரண்டு சொற்கள் வரும். பொது அகராதி இரண்டாவதை வண்டிச் சக்கரம் சறுக்குவது என்று சொல்லும். ஆங்கிலப் பதிப்பில் அவை 'ஜிட்டர்', 'வாண்டர்': துடிப்புகள் வரவேண்டிய நேரத்திலிருந்து வேகமாக ஆடுவது முதலாவது, மெதுவாக விலகிப்போவது இரண்டாவது.